அடுப்படி வரை வந்த வாயு விதிகள்

நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டி, மாத்தளை, நாவுல வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறிகள் இறங்குகின்றன. மலையில் தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கி, ஆசனத்துக்குக் கீழே போட்டுவிட்ட பிளாஸ்டிக் போத்தலை நாவுலச் சந்தியில் எடுத்துப் பார்த்தால் அதன் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். எவரும் அதை மிதிக்கவில்லை, நசுக்கவில்லை. போத்தலுக்குள் இருப்பது நுவரெலியாவின் காற்று. வெளியே இருப்பது தாழ்நிலத்தின் காற்று. இரண்டும் ஒரே பலத்தோடு தள்ளுவதில்லை.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். நாவுலவுக்கு இறங்கியதும் வெளிக்காற்றின் அமுக்கம் கூடிப் போத்தலை நெருக்குகிறது. அமுக்கம் மட்டும் மாறியிருந்தால் உள்ளிருக்கும் காற்று தன் கனவளவில் ஆறில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஆனால் மலையில் 15 பாகை செல்சியஸாக இருந்த காற்று ஏ-9 வீதியின் நண்பகலில் 32 பாகைக்குச் சூடாகிறது. அந்தச் சூடு காற்றை ஆறு சதவீதம் அளவுக்கு விரிக்கப் பார்க்கிறது. குளிரிலிருந்து வெயிலுக்கு வந்த விரிவும், மலையிலிருந்து கீழே வந்த நெருக்கமும் ஒன்றையொன்று இழுத்து, முடிவில் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருக்கத்தில் நிற்கின்றன. க.பொ.த. உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் எந்த மாணவரும் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். இரண்டு விதிகள் தெரிந்தால் போதும்.

வாயு எதுவாக இருந்தாலும் அதன் நிலையைச் சொல்ல நான்கு விடயங்கள் போதும்: அமுக்கம், கனவளவு, வெப்பநிலை, இருக்கும் மூலக்கூறுகளின் அளவு. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றவை அசைகின்றன. எப்படி அசைகின்றன என்பதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவின் அறிஞர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அறிவு பாடப்புத்தகத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2021ஆம் ஆண்டின் இறுதியில் மிகுந்த வேதனையோடு பார்த்தது.

இரசத்தை ஊற்றிக் கண்ட விதி

ரொபேர்ட் போயில் 1662இல் வெளியிட்ட பரிசோதனை மிக எளிமையானது. ஆங்கில 'ஜே' எழுத்தைப் போல் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய். குட்டைப் பக்கம் மூடியது, நெட்டைப் பக்கம் திறந்தது. திறந்த பக்கத்தால் இரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய பக்கத்தில் அகப்பட்ட காற்று சுருங்கியது. இரு பக்க இரச மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 29 அங்குலத்தை, அதாவது இன்னொரு வளிமண்டல அமுக்கத்தை எட்டியபோது, காற்று சரிபாதியாகியிருந்தது. வெப்பநிலை மாறாதிருந்தால், அமுக்கம் இரட்டிக்கக் கனவளவு பாதியாகும். இதுதான் போயிலின் விதி. இந்தத் தொடர்பைத் தனக்கு முன்பே ஊகித்தவர் ரிச்சர்ட் டவுன்லி என்பதைப் போயில் மறைக்காமல் எழுதி வைத்தார். கருவிகளைச் செய்து கொடுத்து உடனிருந்தவர் ரொபேர்ட் ஹூக்.

இந்த விதி வேலை செய்வதை நாவுலவுக்கு அருகிலேயே நினைத்துப் பார்க்கலாம். நாவுலவிலிருந்து எலஹெர செல்லும் பக்கமாக மொரகஹகந்த நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 30 மீற்றர் ஆழத்தில், மேலே உள்ள காற்றின் அமுக்கத்தையும் சேர்த்து, நான்கு வளிமண்டல அமுக்கம். அடியில் மூழ்கிய மரஞ்செடிகள் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. அந்த ஆழத்திலிருந்து கிளம்பும் ஒரு குமிழ், மேற்பரப்பைத் தொடும்போது தன் பழைய கனவளவைப் போல் நான்கு மடங்காகியிருக்கும்.

குமிழுக்கு நடப்பதுதான் மனித நுரையீரலுக்கும். மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணத்துத் தீவகக் கடலிலும் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குபவர்கள் உண்டு. 10 மீற்றர் ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தவர் மூச்சை அடக்கியபடியே மேலே வந்தால், உள்ளே உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. மேலேறும்போது மூச்சை விட்டுக்கொண்டே வரவேண்டும் என்று மூழ்குவோருக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். நீண்ட நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் இன்னொரு ஆபத்தும் சேரும். ஒரு வாயுவின் அமுக்கம் கூடினால் அது திரவத்தில் கூடுதலாகக் கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி காட்டினார். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், அமுக்கம் சட்டெனக் குறையும்போது குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். கை கால் செயலிழந்த மூழ்குவோரின் குடும்பங்களுக்கு இந்த விதியின் கொடுமை நன்றாகத் தெரியும்.

லொறி டயரும் கெல்வின் அளவும்

வெப்பநிலையின் பக்கத்தை ஆராய்ந்தவர்கள் பலூனில் பறந்தவர்கள். பிரான்சின் ஜாக் சாள்ஸ் 1783 டிசம்பர் 1ஆம் திகதி பாரிஸ் நகரிலிருந்து ஐதரசன் பலூனில் எழுந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் வாயுக்கள் சூட்டில் விரியும் விதத்தை அளந்தார், ஆனால் அதை வெளியிடவில்லை. அவருடைய நாட்டவரான கே-லுசாக் 1802இல் தன் முடிவுகளை வெளியிட்டபோது, சாள்ஸின் வேலையைக் குறிப்பிட்டு அவருக்குரிய பெருமையைக் கொடுத்தார். கே-லுசாக்கும் பலூன்காரர்தான். 1804இல் தனியாக ஏறத்தாழ 7,000 மீற்றர் உயரத்துக்குச் சென்று, அங்கிருந்து காற்றை எடுத்துவந்து சோதித்தார்.

அவர்கள் கண்டது இது: அமுக்கம் மாறாதிருந்தால், எந்த வாயுவும் ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் தன் 0 பாகைக் கனவளவில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு விரிகிறது. திருப்பிப் பார்த்தால், குளிர்விக்கக் குளிர்விக்க மைனஸ் 273 பாகையில் கனவளவு பூச்சியத்தைத் தொட வேண்டும். 1848இல் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, முற்றான பூச்சியத்திலிருந்து தொடங்கும் வெப்பநிலை அளவை முன்வைத்தார். வாயுக் கணக்குகளுக்கு அந்த அளவுதான் சரியானது. 20 பாகை செல்சியஸ் 40 ஆனால் சூடு இரட்டித்துவிட்டது என்று தோன்றும். கெல்வினில் அது 293இலிருந்து 313க்குப் போவதுதான். வாயு விரிவது ஏழு சதவீதத்துக்கும் குறைவாக.

டயருக்குள் காற்று விரிய இடமில்லை. ஆகவே சூடு அமுக்கமாக மாறுகிறது. காலையில் 27 பாகையில் 100 பி.எஸ்.ஐ. காற்று அடித்த லொறி டயர், பாரத்தோடு ஓடி 57 பாகைக்குச் சூடானால் என்ன காட்டும்? கெல்வினில் 300 இப்போது 330. பத்தில் ஒரு பங்கு கூடுதல். மானி காட்டும் 100 என்பது வெளிக்காற்றுக்கு மேலான அமுக்கம் மட்டுமே. அதனுடன் வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்துப் பத்து சதவீதம் கூட்டி, மீண்டும் 14.7ஐக் கழித்தால் ஏறத்தாழ 111 வரும். வழியில் நிறுத்திப் பார்க்கும் சாரதி, காற்று கூடிவிட்டதென்று திறந்து விட்டால், டயர் ஆறியதும் அளவுக்குக் குறைந்து போகும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் வளைந்து நெளிந்து இன்னும் மோசமாகச் சூடாகும். டயர் ஆறியிருக்கும்போதே அளந்து பார்க்கச் சொல்லும் உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் முழுக்க வாயு விதியிலிருந்து வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு 1738லேயே டானியல் பேர்னூலி விடை சொன்னார். வாயு என்பது எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும் துகள்களின் கூட்டம்; அமுக்கம் என்பது அவை சுவரில் மோதும் அடி. கரம் பலகையில் காய்கள் விளிம்பில் மோதித் திரும்புவதை நினைத்தால் போதும். பலகையைச் சிறிதாக்கினால் மோதல்கள் அடிக்கடி நடக்கும். காய்களின் வேகத்தைக் கூட்டினால் மோதல் பலமாகும். காய்களைக் கூட்டினால் மோதல்களும் கூடும். வாயு விதிகள் மூன்றும் இதற்குள் அடங்கிவிட்டன.

சிலிண்டருக்குள் எவ்வளவு வாயு?

மூன்றாவது விதி இத்தாலியரான அவகாதரோவுடையது. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்களில், அவை எந்த வாயுவாக இருந்தாலும், சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவர் எழுதினார். அரை நூற்றாண்டு காலம் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1860இல் கார்ல்ஸ்றூஹ் நகரில் கூடிய இரசாயனவியலாளர் மாநாட்டில் கனிசாரோ எடுத்துச் சொன்ன பின்பே அதன் அருமை புரிந்தது. 0 பாகையிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் ஒரு மூல் வாயு 22.4 லீற்றர் இடம் பிடிக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 25 லீற்றர்.

இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இலங்கை வீடுகளில் இருக்கும் 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயு சிலிண்டரைப் பார்க்கலாம். அதற்குள் திரவமாக இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. மூல் ஒன்றுக்குச் சராசரியாக 54 கிராம் என்று கொண்டால், சிலிண்டரில் ஏறத்தாழ 230 மூல் இருக்கிறது. முழுவதும் வெளியேறி வாயுவானால் 5,700 லீற்றருக்கு மேல். திரவமாக இருந்தபோது பிடித்த இடத்தைப் போல் 250 மடங்கு.

இனி ஆபத்தின் கணக்கு. இந்த வாயு காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சமையலறையின் கனவளவு சுமார் 28,000 லீற்றர். அதில் 2 சதவீதம் 560 லீற்றர். நிறையில் 1.2 கிலோகிராம் அளவு. நிரப்பிய சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு கசிந்தால் போதும், அறை முழுவதும் வெடிக்கும் கலவையாகிவிடும். உண்மையில் அவ்வளவுகூடத் தேவையில்லை. காற்றின் சராசரி மூல் திணிவு 29 கிராம், இதனுடையது 54. காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமான இந்த வாயு, காற்றோட்டம் இல்லாவிட்டால் மேலே போகாமல் தரையில் படர்ந்து, அடுப்புக்குக் கீழேயும் கதவு மூலையிலும் தேங்கும். அங்கே செறிவு 2 சதவீதத்தைத் தொடச் சிறு கசிவே போதும்.

2021 நவம்பர், டிசம்பர்

2021 நவம்பரில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கின. அடுப்பு வெடித்தது, ரெகுலேட்டரில் தீப்பிடித்தது, குழாய் பிய்ந்தது, கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பு சிதறியது. சில வாரங்களில் சம்பவங்கள் நூற்றுக்கணக்காகின. உயிர்களும் போயின. சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் நிபுணர் குழுவொன்றை நியமித்தார். டிசம்பரில் அந்தக் குழு கையளித்த அறிக்கை, சிலிண்டருக்குள் புரொப்பேன்–பியூட்டேன் கலவை மாற்றப்பட்டதை முக்கிய காரணமாகச் சுட்டியது.

கலவை மாறினால் என்ன? இரண்டும் எரிபவைதானே? இந்தக் கேள்விக்கு விடை ஜோன் தாற்றனிடம் இருக்கிறது. வானிலையை நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கத்தை 1787இல் தொடங்கி, 1844இல் இறக்கும் வரை விடாத மனிதர் அவர். காற்றில் நீராவி எப்படித் தங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பகுதியமுக்க விதி அவருக்குத் தட்டுப்பட்டது. கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும் தனித்து இருப்பதுபோலவே தன் பங்கு அமுக்கத்தைச் செலுத்தும். அவற்றின் கூட்டுத்தொகையே மொத்த அமுக்கம்.

சாதாரண அமுக்கத்தில் புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் 0 பாகைக்குச் சற்றுக் கீழே. ஆகவே மூடிய பாத்திரத்தில் 30 பாகையில் புரொப்பேன் தனியாக இருந்தால் அதன் ஆவியமுக்கம் ஏறத்தாழ 10.6 வளிமண்டலம், பியூட்டேன் தனியாக இருந்தால் 2.8தான். ஒரே சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கும்போது ஒவ்வொன்றும் தன் விகிதத்துக்கேற்ற அளவே அமுக்கம் தரும். அந்த நாட்களில் விவாதத்தில் அடிபட்ட விகிதங்களை வைத்துக் கணக்குப் போடலாம். புரொப்பேன் 20, பியூட்டேன் 80 என்றால் மொத்த அமுக்கம் 4.4 வளிமண்டலம். இரண்டும் சமபாதி என்றால் 6.7. அதே சிலிண்டர், அதே நிறை, அதே வெப்பநிலை. உள்ளே மட்டும் அமுக்கம் ஒன்றரை மடங்கு.

வெயில் சேர்ந்தால் இன்னும் கூடும். 40 பாகையில் சமபாதிக் கலவையின் அமுக்கம் எட்டரை வளிமண்டலத்தைத் தொடும். உருக்குச் சிலிண்டர் இதைவிடப் பல மடங்கைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பலவீனம் அதற்கு வெளியே: தேய்ந்த வால்வு, நாளான ரெகுலேட்டர், வெடிப்பு விட்ட இறப்பர்க் குழாய், தளர்ந்த கவ்வி. குறைந்த அமுக்கத்தில் பல ஆண்டுகள் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டிருந்த இடங்களில் கூடிய அமுக்கம் கசிவைத் திறந்துவிட்டது. 'சிலிண்டர் வெடித்தது' என்று மக்கள் சொன்ன பல சம்பவங்களில் உண்மையில் எரிந்தது சிலிண்டருக்கு வெளியே கசிந்து தேங்கிய வாயு.

கலவையை நாட்டுக்கு நாடு மாற்றுவது தவறல்ல. குளிர்நாடுகளில் மாற்றித்தான் ஆகவேண்டும்: உறைநிலையில் பியூட்டேன் ஆவியாக மறுக்கும், அங்கே புரொப்பேன் இல்லாமல் அடுப்பு எரியாது. இலங்கை போன்ற வெப்ப நாட்டுக்குப் பியூட்டேன் கூடிய கலவை பொருந்துகிறது. கேள்வி, அதைப் பயன்படுத்துபவருக்குச் சொல்லாமல், வீடுகளில் உள்ள உபகரணங்கள் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றலாமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு: கூடாது.

விதி வளையும் இடம்

போயில், சாள்ஸ், அவகாதரோ மூவரையும் ஒன்றாகக் கட்டிய சமன்பாட்டை 1834இல் கிளப்பெய்ரோன் எழுதினார். அமுக்கத்தைக் கனவளவால் பெருக்கினால், மூல் எண்ணிக்கையையும் 8.314 என்ற மாறிலியையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கிய தொகைக்குச் சமன் என்று இன்று மாணவர்கள் மனனம் செய்யும் சமன்பாட்டின் தொடக்கம் அது. ஆனால் அது இலட்சிய வாயுவுக்கு உரியது. மூலக்கூறுகள் இடம் பிடிக்காதவை, ஒன்றையொன்று கவராதவை என்ற எண்ணத்தில் எழுந்தது. உண்மை மூலக்கூறுகள் இரண்டையும் செய்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்து 1873இல் வன் டெர் வாள்ஸ் திருத்தம் கொடுத்தார். அந்தக் கவர்ச்சி இல்லாவிட்டால் எரிவாயு திரவமாகியே இருக்காது, 5,700 லீற்றரை ஒருவர் தோளில் தூக்கிவர முடிந்திருக்காது.

இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. காற்றடித்த டயரில் காற்றுக் குறையக் குறைய அமுக்கம் குறையும். எரிவாயு சிலிண்டரில் அப்படி இல்லை. வாயு வெளியேறும் அளவுக்குத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்புவதால், திரவம் இருக்கும் வரை அமுக்கம் பெரிதாக இறங்காது. ஆகவே எவ்வளவு மிச்சம் என்பதை அமுக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெறுஞ்சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கலவையில் எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முந்திக்கொண்டு போவதால், புதிதாக மாற்றிய சிலிண்டரில்தான் அமுக்கம் மிகக் கூடுதல். குழாயையும் ரெகுலேட்டரையும் சோதிக்க வேண்டிய நாள் அதுதான்.

சோதிப்பதற்குச் சவர்க்கார நுரை போதும். இணைப்புகளில் தடவிப் பார்த்தால் கசியும் இடத்தில் குமிழ் எழும். தீக்குச்சியை ஒருபோதும் அருகில் கொண்டுபோகக் கூடாது. இந்த வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியட்டும் என்று எதைல் மேர்கப்டன் என்ற கடும் நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அது போதாமல் கப்பலில் வந்த எரிவாயுவை இறக்கவிடாமல் 2021 டிசம்பரில் அதிகாரிகள் தடுத்தார்கள். அந்த நாற்றம் வந்தால் மின்விளக்கின் ஆளியைப் போடவோ அணைக்கவோ கூடாது, அதில் எழும் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். வாயு கீழே தேங்குவதால் உயரமான யன்னலைவிடத் திறந்த கதவே கூடுதலாக உதவும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது, வெயிலிலோ அடுப்புக்கு அருகிலோ வைக்கக் கூடாது, வாயு நன்றாக வரட்டும் என்று சுடுநீரில் இறக்கவும் கூடாது. 30 பாகையிலிருந்து 40 பாகைக்குப் போனால் அமுக்கம் கால் பங்குக்கு மேல் கூடுவதை மேலே பார்த்தோம்.

சிலிண்டரை வாங்கும்போது நிறையையும் முத்திரையையும் பார்ப்பது பலருக்கும் பழகிவிட்டது. கலவையின் விகிதத்தையும் விற்பனையாளரிடம் கேட்பது நுகர்வோரின் உரிமை. பாடசாலைகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. உயர்தர மாணவர்கள் தாற்றனின் விதிக்கு நைதரசனையும் ஒட்சிசனையும் வைத்து எத்தனையோ கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டுச் சிலிண்டரின் புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தை வைத்து ஒரு கணக்கைப் போட்டு, அதன் விடையைத் தாயிடமும் பாட்டியிடமும் சொல்லட்டும்.